ஜாங்கோ மைக்ரேஷன் மக்கர் செய்தால்: எந்தப் பிழைக்கு எங்கே பார்ப்பது

ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) புராஜெக்டில் மாடலை, அதாவது டேபிள் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் கோடை மாற்றி, அந்த மாற்றத்தை மைக்ரேஷன் ஃபைலாக எழுத மேக்மைக்ரேஷன்ஸ் கொடுத்து, அதை டேட்டாபேஸில் ஓட்ட மைக்ரேட் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். முடியாதபோதுதான் டீமில் யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான், அதிலும் பாதிக்கு மேல் முதலில் சின்னப் பிழையாக இருந்து, சரிசெய்கிறேன் என்று எங்கோ பார்த்த ஒரு கமாண்டை ஓட்டியதால் பெரிதானவை. அதனால் அறிகுறியை வைத்துத் தேடுகிற மாதிரி எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் வந்திருக்கும் பிழைக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு பிடிக்கிற காரணம் கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். மேக்மைக்ரேஷன்ஸ் உங்கள் மாடல்களை மைக்ரேஷன் ஃபைல்களோடு ஒப்பிடுகிறது, டேபிள்களோடு அல்ல. மைக்ரேட் அந்த ஃபைல்களை டேட்டாபேஸில் இருக்கும் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் என்ற டேபிளோடு ஒப்பிடுகிறது. எந்த ஃபைல் ஓடியது என்ற பதிவேடு அது, அவ்வளவுதான். டேபிள் நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று இரண்டுமே பார்ப்பதில்லை. கீழே வரும் பிழைகளில் பலவும் பதிவேடு ஒன்று சொல்ல, டேபிள் வேறொன்று சொல்வதால் வருபவை.

முதலில் இந்த மூன்றை ஓட்டுங்கள், மூன்றுமே எதையும் மாற்றாது: ஷோமைக்ரேஷன்ஸ் (எது ஓடியது, எது ஓடவில்லை), மைக்ரேட் --பிளான் (இப்போது மைக்ரேட் கொடுத்தால் என்ன ஓடும்), மேக்மைக்ரேஷன்ஸ் --டிரை-ரன் (மாடலுக்கும் ஃபைலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா). அப்புறம் பிஜி_டம்ப் (போஸ்ட்கிரெஸுக்கு) அல்லது மைஎஸ்க்யூஎல்டம்ப் (மைஎஸ்க்யூஎல்லுக்கு) போட்டு ஒரு பேக்கப். லோக்கல் மெஷினாக இருந்தாலும் எடுங்கள், ஒரு நிமிட வேலை.

செய்யக்கூடாதவை இரண்டு. வேறு எங்காவது ஓடியிருக்கக்கூடிய மைக்ரேஷன் ஃபைலை அழிக்காதீர்கள். ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளில் கையால் பதிவுகளை நீக்காதீர்கள்.

## மாடலை மாற்றினேன், ‘நோ சேஞ்சஸ் டிடெக்டட்’ என்கிறது

ஃபைலை சேவ் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்து, கூட வேலை செய்பவர் இதே மாற்றத்துக்கு ஏற்கெனவே மைக்ரேஷன் எழுதி, அதை நீங்கள் கிட்டிலிருந்து புல் செய்திருக்கலாம். அப்படியானால் ஜாங்கோ சொல்வது சரி, நீங்கள் மைக்ரேட் மட்டும் கொடுத்தால் போதும்.

அது இல்லையென்றால் கமாண்டோடு ஆப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். உதாரணத்துக்கு நம் ஆப் பெயர் பில்லிங் என்று வைத்துக்கொள்வோம். மேக்மைக்ரேஷன்ஸ் பில்லிங் என்று கொடுத்ததும் வழி இரண்டாகப் பிரியும்.

‘நோ இன்ஸ்டால்டு ஆப்’ என்று வந்தால்: செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு_ஆப்ஸ் பட்டியலில் ஆப் இல்லை, அல்லது நீங்கள் நினைக்கிற செட்டிங்ஸ் ஃபைல் ஓடவில்லை. ஜாங்கோ_செட்டிங்ஸ்_மாட்யூல் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

புது ஃபைல் உருவாகிவிட்டால்: ஆப்பில் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரே இல்லாமல் இருந்தது. பெயர் சொல்லாமல் கொடுத்தால் ஜாங்கோ அப்படிப்பட்ட ஆப்பைத் தாண்டிப் போய்விடும்.

இப்போதும் மாற்றம் இல்லை என்றால்: மாடல் கோடிலேயே கோளாறு. நான் அடிக்கடி பார்ப்பது ஃபீல்ட் வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி. வேறு இடத்திலிருந்து காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும். பைத்தான் அந்த வரியை டூப்பிளாக எடுத்துக்கொள்ளும், பிழையும் வராது, ஜாங்கோவுக்கு அங்கே ஒரு ஃபீல்ட் இருப்பதே தெரியாது. இதேபோல சமக்குறிக்குப் பதில் முக்காற்புள்ளி விழுந்திருந்தாலும் நடக்கும். மாடல்களைப் பல ஃபைல்களாகப் பிரித்து மாடல்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்திருந்தால், அதன் இனிட் ஃபைலில் ஒவ்வொன்றையும் இம்போர்ட் செய்திருக்கிறீர்களா பாருங்கள். கடைசியாக மெட்டா கிளாஸில் மேனேஜ்டு = ஃபால்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபீல்ட் மாற்றங்களை ஜாங்கோ கண்டுகொள்ளாது, அந்த டேபிளை வேறு யாரோ பராமரிக்கிறார்கள் என்று அர்த்தம். அதை ட்ரூ ஆக்குவதற்கு முன் அந்த ஆளிடம் பேசுங்கள்.

## எதையும் மாற்றவில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் புது மைக்ரேஷன் வருகிறது

வந்த ஃபைலைத் திறந்து எந்த ஃபீல்ட் என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

டிஃபால்ட் மாறிக்கொண்டே இருந்தால், டைம்சோன்.நவ் என்று எழுதவேண்டிய இடத்தில் பின்னால் அடைப்புக்குறி போட்டு அதைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை கோட் லோடு ஆகும்போதும் புது நேரம், எனவே புது மைக்ரேஷன். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். இதற்கு டபிள்யூ161 என்று ஜாங்கோ எச்சரிக்கையும் தரும், யாரும் படிப்பதில்லை. சாய்ஸஸ் மாறிக்கொண்டே இருந்தால், அந்தப் பட்டியல் பைத்தானின் செட் ஒன்றிலிருந்து உருவாகிறது, வரிசை நிலையாக இல்லை. சார்ட் செய்து கொடுங்கள்.

ஃபைல் உங்கள் ஆப்பில் இல்லாமல் சைட்-பேக்கேஜஸுக்குள் (வெளிப் பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர்) உருவாகிறதா? இது கொஞ்சம் விஷமமானது. 2021இல் வந்த ஜாங்கோ 3.2 முதல் டிஃபால்ட்_ஆட்டோ_ஃபீல்ட் என்ற செட்டிங் இருக்கிறது. மாடலின் ஐடி எந்த வகை என்று முடிவு செய்வது அது. அதைப் பிக்ஆட்டோஃபீல்ட் ஆக்கியதும், தன் ஐடி எந்த வகை என்று சொல்லாத வெளிப் பேக்கேஜ்கள் எல்லாவற்றுக்கும் ஜாங்கோ மைக்ரேஷன் எழுதக் கிளம்பிவிடும். அந்த ஃபைல் உங்கள் மெஷினில் மட்டும் இருக்கும், கிட்டில் வராது, நாளைக்கு உங்கள் ஆப்பின் ஒரு மைக்ரேஷன் அதைச் சார்ந்து நின்றால் சர்வரில் உடையும். அந்த ஃபைலை ஓட்டுவதற்கு முன்பே நீக்கிவிட்டு பேக்கேஜை அப்கிரேட் செய்யுங்கள், அல்லது அந்தப் பேக்கேஜின் ஆப்கான்ஃபிகை நீட்டி, பழைய ஆட்டோஃபீல்ட் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்டெய்னர் தொடங்கும்போது ஓடுகிற ஸ்கிரிப்டில் மேக்மைக்ரேஷன்ஸ் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சர்வரில் உருவாகும் ஃபைல் அடுத்த டிப்ளாயில் மறைந்துபோகும், பதிவேட்டில் மட்டும் அதன் பெயர் நிற்கும். சர்வரில் மைக்ரேட் மட்டும்தான் ஓடவேண்டும்.

## ஃபீல்ட் பெயரை மாற்றினேன், பழைய டேட்டா காணோம்

பெயர் மாற்றினால் ஜாங்கோ ‘இது பெயர் மாற்றமா?’ என்று கேட்கும். யோசிக்காமல் என்டர் தட்டினால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, பழைய நெடுவரிசையை நீக்கிப் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் மைக்ரேஷனை எழுதிவிடும். பெயரோடு ஃபீல்ட் வகையையும் சேர்த்து மாற்றினால் கேள்வியே வராது. கேள்வி கேட்காத --நோஇன்புட் ஆப்ஷனோடு ஓட்டினாலும் அப்படித்தான்.

இன்னும் மைக்ரேட் ஓடவில்லை என்றால்: தப்பித்தீர்கள். அந்த ஃபைலை நீக்கிவிட்டு முதலில் பெயரை மட்டும் மாற்றி ஒரு மைக்ரேஷன், பிறகு வகையை மாற்றி இன்னொன்று. ஃபைலைத் திறந்து ரீநேம்ஃபீல்ட் என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், ரிமூவ்ஃபீல்ட் இருந்தால் விடாதீர்கள்.

ஓடிவிட்டது என்றால்: மைக்ரேஷனைப் பின்னோக்கி ஓட்டினால் நெடுவரிசை திரும்ப வரும், உள்ளே இருந்தது வராது. பேக்கப் மட்டுமே வழி. புரொடக்ஷன் என்றால் இங்கேயே நிறுத்தி டேட்டாபேஸ் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் பேக்கப் எடுத்த நேரத்துக்குப் பிறகு வந்த பதிவுகளை இழக்காமல் ஒரு நெடுவரிசையை மட்டும் மீட்டுச் சேர்ப்பது கவனமாகச் செய்யவேண்டிய வேலை.

## ‘கான்ஃபிளிக்டிங் மைக்ரேஷன்ஸ் டிடெக்டட்’

நீங்களும் இன்னொருவரும் 0006க்கு மேல் ஆளுக்கொரு 0007 எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வேறு வேறு மாடலை, வேறு வேறு ஃபீல்டைத் தொட்டால் மேக்மைக்ரேஷன்ஸ் --மெர்ஜ் போதும். இரண்டும் ஒரே ஃபீல்டைத் தொட்டால் மெர்ஜ் வேண்டாம். எது முதலில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து உங்கள் மெஷினும் சர்வரும் வேறு வேறு இடத்தில் முடியும். அப்போது உங்கள் ஃபைல் இன்னும் வேறு எங்கும் ஓடவில்லை என்றால், மற்றவருடைய 0007 இல்லாத நிலைக்குக் கோடைக் கொண்டுபோய் (இரண்டும் இருந்தால் மைக்ரேட்டும் இதே பிழையோடு விழும்), மைக்ரேட் பில்லிங் 0006 கொடுத்துப் பின்னால் போய், உங்கள் 0007ஐ நீக்கி, மற்றவருடையதைப் புல் செய்து, மேக்மைக்ரேஷன்ஸ் திரும்பக் கொடுங்கள். இரண்டுமே ஏற்கெனவே ஏதாவது ஒரு சர்வரில் ஓடிவிட்டன என்றால், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் மெர்ஜ் எழுதவேண்டும்.

ஃபைலின் எண்ணை மட்டும் 0008 என்று மாற்றுவது எதையும் தீர்க்காது. உள்ளே இருக்கும் டிபென்டன்சிஸ் வரிதான் ஜாங்கோவுக்குக் கணக்கு.

## ‘நோட்நாட்ஃபவுண்ட் எரர்’

ஒரு மைக்ரேஷன் தன் முந்தையதைத் தேடுகிறது, ஃபைல் இல்லை. பெரும்பாலும் எழுதியவர் கிட் ஆட் செய்ய மறந்திருப்பார், ஒரு மெசேஜ் அனுப்பினால் முடிந்தது. கிட்இக்னோர் ஃபைலில் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரை யாராவது போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அந்த ஃபைல்களும் கோட்தான். யாரோ அழித்திருந்தால் கிட் லாகில் அந்தப் பாதையைத் தேடி மீட்டுக் கொண்டுவாருங்கள். உள்ளடக்கத்தை நினைவிலிருந்து திரும்ப எழுதாதீர்கள்.

## ‘ஆல்ரெடி எக்சிஸ்ட்ஸ்’: டேபிளோ நெடுவரிசையோ ஏற்கெனவே இருக்கிறதாம்

மைஎஸ்க்யூஎல்லில் 1050 என்ற எண்ணோடு வரும், போஸ்ட்கிரெஸில் ரிலேஷன் ஆல்ரெடி எக்சிஸ்ட்ஸ் என்று வரும்.

திரும்ப ஷோமைக்ரேஷன்ஸ் கொடுத்தால் எல்லாம் ஓடிவிட்டதாகக் காட்டுகிறது: இரண்டு கன்டெய்னர்கள் ஒரே நேரத்தில் மைக்ரேட் ஓட்டியிருக்கின்றன. ஒன்று ஜெயித்தது, மற்றது இந்தப் பிழையோடு விழுந்தது. இதைத் தடுக்க ஜாங்கோவில் பூட்டு எதுவும் கிடையாது. போஸ்ட்கிரெஸில் பெரும்பாலும் சேதம் இருக்காது. மைக்ரேட்டை ஒவ்வொரு கன்டெய்னரின் தொடக்கத்திலும் வைக்காமல் டிப்ளாயில் ஒரே ஒரு தனி வேலையாக மாற்றுங்கள்.

டெஸ்ட் ஓட்டும்போது மட்டும் வருகிறது: --கீப்டிபி போட்டுப் பழைய டெஸ்ட் டேட்டாபேஸ் தங்கியிருக்கிறது. அதை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

0001 கூட ஓடவில்லை என்கிறது, ஆனால் டேபிள்கள் எல்லாம் இருக்கின்றன: டம்பிலிருந்து மீட்கும்போது பதிவேட்டு டேபிள் விடுபட்டிருக்கும், அல்லது டேபிள்கள் கையால் உருவாக்கப்பட்டவை. இதற்குத்தான் மைக்ரேட் --ஃபேக்-இனிஷியல் இருக்கிறது, டேபிள்கள் ஏற்கெனவே இருந்தால் முதல் மைக்ரேஷனை ஓட்டாமலேயே ஓடியதாகக் குறித்துவிடும். ஆனால் அது டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும், வகை, நீளம், இண்டெக்ஸ் எதையும் சரிபார்க்காது என்பதை மனதில் வையுங்கள்.

நடுவில் ஒரு மைக்ரேஷன் மட்டும் சிக்குகிறது: இங்கேதான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு --ஃபேக் (ஃபைலை ஓட்டாமலேயே ஓடியதாகப் பதிவேட்டில் குறிக்கும் ஆப்ஷன்) போடுகிறார்கள், இதுதான் நான் பார்க்கும் சேதங்களில் பெரும்பங்கு. முதலில் எஸ்க்யூஎல்மைக்ரேட் பில்லிங் 0007 கொடுங்கள், அந்த ஃபைல் ஓட்டப்போகும் எஸ்க்யூஎல் முழுவதும் திரையில் வரும். டிபிஷெல் (டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசும் ஜாங்கோ கமாண்ட்) திறந்து டேபிளின் அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். எல்லாம் இருந்தால், எல்லாமே இருந்தால் மட்டும், மைக்ரேட் பில்லிங் 0007 --ஃபேக். பாதிதான் இருக்கிறது என்றால் ஃபேக் போட்டதும் மீதிப் பாதி இனி எப்போதும் வராது, அதற்கான பிழை பல வாரம் கழித்து வேறு எங்கோ தலைகாட்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. 0005, 0006 ஓடாமல் இருக்கும்போது 0007க்கு ஃபேக் கொடுத்தால் அவையும் சேர்ந்து ஓடியதாகக் குறிக்கப்படும். ஆப் பெயரே சொல்லாமல் மைக்ரேட் --ஃபேக் கொடுத்தால் புராஜெக்டில் பாக்கி இருக்கும் அத்தனையும் ஓடியதாகப் பதிவாகிவிடும். அப்படி யாராவது புரொடக்ஷனில் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த டிப்ளாயை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் போன முறை பாதியில் விழுந்தது: மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள் ரோல்பேக் ஆகாது. ஐந்து படிகளில் மூன்றாவதில் விழுந்தால் முதல் இரண்டும் நின்றுவிடும், பதிவேட்டில் எதுவும் ஏறாது. மேலே சொன்ன மாதிரி ஒப்பிட்டு, நடந்தவற்றைக் கையால் திரும்ப எடுத்துவிட்டு, விழுந்ததற்கான காரணத்தைச் சரிசெய்து, மைக்ரேட்டை முழுதாக ஓட்டுவது பாதுகாப்பு. எடுக்கவேண்டிய நெடுவரிசையில் ஏற்கெனவே டேட்டா வந்துவிட்டது என்றால் எடுக்காதீர்கள், மீதிப் படிகளை முடித்துவிட்டு ஃபேக் போடவேண்டும், அதை இரண்டு பேர் பார்த்துச் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் ஒரு ஃபைலுக்கு ஒரு மாற்றம் என்று பழகிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

## ‘டஸ் நாட் எக்சிஸ்ட்’: டேபிளோ நெடுவரிசையோ இல்லையாம்

ஷோமைக்ரேஷன்ஸில் குறி விழாமல் இருக்கிறது: மைக்ரேட் ஓடவில்லை. ஓட்டுங்கள். சரி.

குறி விழுந்திருக்கிறது, ஆனால் ஆப்பில் பிழை: ஆப்பும் நீங்களும் ஒரே டேட்டாபேஸில்தான் இருக்கிறீர்களா? எஸ்க்யூலைட்டில் ஃபைல் பாதையை முழுதாகக் கொடுக்காமல் விட்டிருந்தால், வேறு ஃபோல்டரிலிருந்து கமாண்ட் ஓட்டும்போது அங்கே காலியாகப் புது ஃபைல் உருவாகும், மைக்ரேட்டும் அதில் ஜோராக ஓடும். போஸ்ட்கிரெஸில் கரண்ட்_டேட்டாபேஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே டேட்டாபேஸ்தான், குறி இருக்கிறது, நெடுவரிசை நிஜமாகவே இல்லை: யாரோ ஃபேக் போட்டிருக்கிறார்கள், அல்லது டேட்டாபேஸ் ரவுட்டரில் (எந்த மாடல் எந்த டேட்டாபேஸுக்குப் போகவேண்டும் என்று சொல்லும் கோட்) அலவ்_மைக்ரேட் ஃபால்ஸ் தருகிறது. ரவுட்டர் மறுத்தால் ஜாங்கோ வேலையைச் செய்யாமலேயே ஓடியதாகப் பதிவு செய்துகொள்ளும். ரவுட்டரைச் சரிசெய்யுங்கள். அந்த மைக்ரேஷன்தான் ஆப்பில் கடைசி என்றால் மைக்ரேட் பில்லிங் 0006 --ஃபேக் கொடுத்துப் பதிவை மட்டும் பின்னால் தள்ளி, பிறகு ஃபேக் இல்லாமல் மைக்ரேட் கொடுங்கள். அதற்கு மேல் இன்னும் பல மைக்ரேஷன்கள் ஓடியிருந்தால் இந்த வழி வேண்டாம், எஸ்க்யூஎல்மைக்ரேட் காட்டுவதை எடுத்துக் கையால் ஓட்டுவதுதான் சரி, புரொடக்ஷனில் அதை அனுபவம் உள்ளவர் செய்யட்டும்.

மைக்ரேட் கமாண்டே இந்தப் பிழையோடு விழுகிறது: டிரேஸ்பேக்கை அடியிலிருந்து மேலே படியுங்கள். யூஆர்எல்ஸ் ஃபைல் வழியாக ஃபார்ம்ஸ் ஃபைலுக்குப் போய் அங்கே ஒரு க்வெரி ஓடியிருக்கும். ஃபார்ம் கிளாஸின் உடம்பிலேயே கேட்டகரி பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுத்துச் சாய்ஸஸில் போட்டிருப்பார்கள். மைக்ரேட் தொடங்கும்போது செய்யும் சோதனையில் யூஆர்எல்கள் லோடு ஆகும், அதோடு இந்த க்வெரியும் ஓடும், டேபிளோ இன்னும் பிறக்கவில்லை. மாடல்சாய்ஸ்ஃபீல்டுக்கு மாற்றுங்கள், அல்லது சாய்ஸஸுக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள்.

பழைய மெஷின்களில் சரி, புதிதாகச் சேர்ந்தவர் மெஷினில் மட்டும் விழுகிறது: ஏதோ ஒரு பழைய டேட்டா மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை அல்ல, உள்ளே இருக்கும் பதிவுகளை மாற்றும் மைக்ரேஷன்) மாடலை நேரடியாக இம்போர்ட் செய்கிறது. இன்றைய மாடலில் இருக்கும் நெடுவரிசை அந்தப் பழைய கட்டத்தில் இல்லை. ஆப்ஸ்.கெட்_மாடல் வழியாக எடுக்கும்படி அந்த ஃபைலைத் திருத்துங்கள். ஏற்கெனவே ஓடிய ஃபைலைத் தொடலாமா என்று கேட்பார்கள், இந்தத் திருத்தத்துக்காகத் தொடலாம், டேபிள் அமைப்பு எதுவும் மாறவில்லை.

டிப்ளாய் நடக்கும் சில நிமிடங்கள் மட்டும் பிழை மழை: புது கோடும் பழைய கோடும் ஒன்றாக ஓடும் இடைவெளி அது. நெடுவரிசையை நீக்கினால் பழைய கோட் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு விழும். காலியாக விடக்கூடாத நெடுவரிசையைச் சேர்த்தால் பழைய கோடின் இன்சர்ட்கள் விழும், ஏனென்றால் நீங்கள் மாடலில் எழுதிய டிஃபால்ட்டை ஜாங்கோ டேட்டாபேஸில் தங்கவைப்பதில்லை. 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0இல் டிபி_டிஃபால்ட் இருக்கிறது, அதைப் போட்டால் டிஃபால்ட் டேபிளிலேயே தங்கும். நீக்குவதை இரண்டு டிப்ளாயாகப் பிரியுங்கள்: முதலில் நெடுவரிசையை நல் ஆக்கிவிட்டு, செபரேட்டேட்டாபேஸ்அண்ட்ஸ்டேட் (டேபிளைத் தொடாமல் ஜாங்கோவின் கணக்கை மட்டும் மாற்ற விடும் மைக்ரேஷன் கட்டளை) மூலம் மாடலிலிருந்து மட்டும் எடுங்கள், அடுத்த டிப்ளாயில் டேபிளிலிருந்து எடுங்கள்.

## ‘இன்கன்சிஸ்டன்ட்மைக்ரேஷன்ஹிஸ்டரி’

பிழையில் அட்மின் 0001, உங்கள் யூசர் ஆப்பின் 0001க்கு முன்பே ஓடிவிட்டது என்று இருக்கிறதா? புராஜெக்ட் தொடங்கி மைக்ரேட் ஓடிய பிறகு ஆத்_யூசர்_மாடல் செட்டிங்கை (பயனருக்கான மாடல் எது என்று சொல்வது) மாற்றியிருக்கிறீர்கள். லோக்கல் மெஷின், டேட்டா முக்கியமில்லை என்றால் டேட்டாபேஸை அழித்துப் புதிதாக மைக்ரேட் கொடுங்கள், அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நிஜப் பயனர்கள் இருக்கும் டேட்டாபேஸ் என்றால் தனியாக இறங்காதீர்கள். பழைய யூசர் டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ ஒவ்வொன்றையும் திருப்பவேண்டும், ஜாங்கோவின் ஆவணமே இது தானாக நடக்காது, கையால் செய்யவேண்டியது என்று சொல்கிறது.

வேறு ஆப்களின் பெயர் வந்தால், யாரோ ஏற்கெனவே ஓடிய ஃபைலின் டிபென்டன்சிஸ் வரியை மாற்றியிருக்கிறார்கள். கிட்டில் அந்த வரி மாறிய கமிட்டைக் கண்டுபிடித்துத் திருப்புங்கள்.

## டேபிளில் இருக்கும் டேட்டா மைக்ரேஷனை ஏற்க மறுக்கிறது

‘கன்டெய்ன்ஸ் நல் வேல்யூஸ்’ என்றால் காலியாக இருக்கும் பதிவுகளை முதலில் ஒரு டேட்டா மைக்ரேஷனால் நிரப்புங்கள். யூனிக் இண்டெக்ஸ் உருவாக்க முடியவில்லை என்றால் குரூப் பை போட்டு இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடியுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று அந்த டேட்டாவின் சொந்தக்காரர்தான் சொல்லவேண்டும், நாம் இல்லை. யூயூஐடி மாதிரி யூனிக் ஃபீல்டைப் புதிதாகச் சேர்த்தாலும் இதே பிழை வரும். மைக்ரேஷனில் டிஃபால்ட் ஃபங்ஷன் ஒரே ஒரு முறைதான் கூப்பிடப்படும், எல்லாப் பதிவுக்கும் ஒரே மதிப்பு போகும். எனவே மூன்று ஃபைல்: நல் அனுமதித்து, யூனிக் இல்லாமல் சேர்ப்பது, ரன்பைத்தானில் (மைக்ரேஷனுக்குள் பைத்தான் கோட் ஓட்டும் வழி) ஒவ்வொன்றாக நிரப்புவது, பிறகு யூனிக் ஆக்குவது.

போஸ்ட்கிரெஸில் ‘பெண்டிங் டிரிகர் ஈவென்ட்ஸ்’ என்று வந்தால், ஒரே ஃபைலில் டேட்டாவையும் மாற்றி டேபிள் அமைப்பையும் மாற்றுகிறீர்கள். ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள், தீர்ந்தது.

## மைக்ரேட் கொடுத்தேன், அப்படியே நிற்கிறது

புரொடக்ஷனில் இது நடந்தால் முதல் வேலை கன்ட்ரோல் சி. காத்திருந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் பெரும்பாலான ஆல்டர் டேபிள் கட்டளைகளுக்கு அந்த டேபிள் முழுவதும் தனக்கே வேண்டும். முன்னால் யாராவது அதைப் பிடித்திருந்தால் ஆல்டர் காத்திருக்கும், ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்கள் கூட வரிசையில் நிற்கும். ஒற்றை வழிப் பாலத்தில் லாரி நின்றுவிட்ட மாதிரிதான், கொஞ்ச நேரத்தில் சைட்டே படுத்துவிடும்.

நிறுத்திவிட்டு, மைக்ரேட்டைத் திரும்பக் கொடுத்து, இன்னொரு விண்டோவில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி (யார் என்ன ஓட்டுகிறார்கள் என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பட்டியல்) பாருங்கள், இதை ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

வெயிட்_ஈவென்ட்_டைப்பில் லாக் என்று இருந்தால்: பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். வழக்கமான ஆட்கள்: ஷெல் திறந்து டிரான்சாக்ஷனை முடிக்காமல் சாப்பிடப் போனவர் (ஐடில் இன் டிரான்சாக்ஷன் என்று காட்டும்), நீண்ட ரிப்போர்ட் ஓட்டும் செலரி வேலை (பின்னணியில் ஓடுவது), அந்த நேரத்தில் ஓடும் பிஜி_டம்ப். யாருடையது என்று தெரிந்தால் அவரிடம் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள். தெரியாத கனெக்ஷனைத் துண்டிக்காதீர்கள். அடுத்த முறையிலிருந்து லாக்_டைம்அவுட்டை 5 நொடி என்று வைத்து மைக்ரேட் ஓட்டுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன்தான் விழும், சைட் விழாது.

லாக் இல்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றால்: டேபிள் பெரிது. சாதாரண இண்டெக்ஸ் உருவாகி முடியும்வரை டேபிளில் எழுத முடியாது, எழுதுவதைத் தடுக்காத ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி போட்டு, அந்த மைக்ரேஷன் ஒரே டிரான்சாக்ஷனாக ஓடாதபடி அட்டாமிக் = ஃபால்ஸ் வையுங்கள், ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி ஜாங்கோ 3.0 முதல் இருக்கிறது. நடுவில் விழுந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று டேபிளில் தங்கும், அதை நீக்கிவிட்டுத்தான் திரும்ப ஓட்டவேண்டும். ரன்பைத்தான் லட்சக்கணக்கான பதிவுகளைத் தொடுகிறது என்றால் தொகுதி தொகுதியாகப் பிரித்து, அதையும் அட்டாமிக் இல்லாமல் ஓட்டுங்கள். கோடிக்கணக்கான பதிவுகள் உள்ள டேபிளில் நெடுவரிசை வகையை மாற்றுவது என்றால் ஓட்டுவதற்கு முன்பே டேட்டாபேஸ் ஆளைக் கூப்பிடுங்கள், டேபிள் முழுவதையும் திரும்ப எழுத நேரலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் ஷோ பிராசஸ்லிஸ்ட் கொடுத்து மெட்டாடேட்டா லாக்குக்குக் காத்திருக்கிறதா பாருங்கள், காரணம் அதேதான். எஸ்க்யூலைட்டில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்றால் டேபிளைப் பார்க்கத் திறந்துவைத்த மென்பொருளை மூடுங்கள்.

## அனுமதி இல்லை, அல்லது மீட்ட பிறகு ஐடி மோதுகிறது

‘பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ புது சர்வரில் மட்டும் வந்தால் போஸ்ட்கிரெஸ் பதிப்பைப் பாருங்கள். 2022இல் வந்த 15 முதல் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கும் உரிமை எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. ஆப்பின் யூசரையே அந்த டேட்டாபேஸுக்கு ஓனராக்கினால் போதும். ‘மஸ்ட் பி ஓனர்’ என்றால் டம்பை வேறு யூசரில் மீட்டிருக்கிறீர்கள், டேபிள்களின் ஓனரை மாற்றவேண்டும்.

மீட்ட பிறகு ‘டூப்ளிகேட் கீ’ என்று பிரைமரி கீயில் விழுந்தால் சீக்வென்ஸ் (அடுத்த ஐடி எண்ணைத் தருவது) பின்தங்கியிருக்கிறது. எஸ்க்யூஎல்சீக்வென்ஸ்ரீசெட் பில்லிங் கொடுத்தால் ஓட்டவேண்டிய எஸ்க்யூஎல்லைத் தரும், அது தானாக ஓட்டாது. ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளிலேயே இது வந்தால் அந்தக் கமாண்ட் உதவாது, சீக்வென்ஸை நகர்த்தும் செட்வால் ஃபங்ஷனைக் கையால் கொடுக்கவேண்டும்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்கவேண்டியவை

முழு டிரேஸ்பேக், கடைசி வரி மட்டும் அல்ல. ஷோமைக்ரேஷன்ஸ் காட்டியது. ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளின் நகல். சிக்கிய மைக்ரேஷனின் எஸ்க்யூஎல்மைக்ரேட், அது தொடும் டேபிளின் இப்போதைய அமைப்பு. ஜாங்கோ பதிப்பு, டேட்டாபேஸ் பதிப்பு. பேக்கப் எத்தனை மணிக்கு எடுத்தது, எங்கே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை வந்ததிலிருந்து நீங்கள் ஓட்டிய கமாண்ட்கள் எல்லாம், வரிசையாக, ஒன்றுகூட விடாமல். ஃபேக் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், யாரும் திட்டப்போவதில்லை, சொல்லாமல் விட்டால்தான் வருகிறவர் பதிவேட்டை நம்பித் தவறான பக்கத்திலிருந்து தொடங்குவார்.